தளர்வு வேறு, உறக்கம் வேறு: கிளாட் பெர்னார்டின் வாழ்வும் நுண்துளை அறுவை சிகிச்சையில் தசைத் தளர்வின் அளவுகளும்

செம்பரம்பாக்கம், பூந்தமல்லி, ஆவடி, அம்பத்தூர் வட்டாரங்களில் வசிப்போரில் பலர் பித்தப்பைக் கல், குடல்வால் அழற்சி, குடலிறக்கம், கருப்பைக் கட்டி போன்றவற்றுக்காக நுண்துளை அறுவை சிகிச்சை செய்துகொள்கின்றனர். இச்சிகிச்சை பெரும்பாலும் முழு மயக்கத்தில் நடைபெறுகிறது. முழு மயக்கம் என்று பொதுவாகச் சொல்லப்படுவதில் மூன்று தனித்தனிப் பணிகள் அடங்கியுள்ளன. நோயாளியின் நினைவை உறங்கச் செய்தல் முதற்பணி. வலியுணர்வை அடக்குதல் இரண்டாவது. உடலின் தசைகளைத் தளர்த்துதல் மூன்றாவது. முதல் இரண்டையும் மக்கள் ஓரளவு அறிவர். மூன்றாவது பணியைப் பற்றி அறிந்தோர் குறைவு.

தசைத் தளர்வு மருந்து என்ன செய்யும், என்ன செய்யாது என்பதை ஆய்வின் மூலம் முதலில் தெளிவுபடுத்தியவர்களுள் முதன்மையானவர் பிரெஞ்சு உடலியல் அறிஞர் கிளாட் பெர்னார்ட் (1813–1878). அவருடைய வாழ்க்கையையும், அவரது கண்டுபிடிப்பு இன்றைய அறுவை அரங்கில் நோயாளியைக் காக்கும் விதத்தையும் இப்பக்கம் விளக்குகிறது.

திராட்சைத் தோட்டத்திலிருந்து மருந்துக்கடைக்கு

கிளாட் பெர்னார்ட் 1813 ஜூலை 12 அன்று பிரான்ஸ் நாட்டில், லியோன் நகருக்கு வடக்கே உள்ள சாந்த்-ஜூலியன் என்னும் சிற்றூரில் பிறந்தார். அவருடைய குடும்பம் திராட்சை பயிரிட்டு வாழ்ந்த எளிய குடும்பம். பள்ளிப் படிப்பில் அவர் பெரிதாகச் சிறந்து விளங்கவில்லை. வறுமை காரணமாகப் படிப்பைத் தொடர இயலாமல், லியோன் நகரின் புறப்பகுதியான வேஸ் என்னுமிடத்தில் ஒரு மருந்துக்கடையில் பயிற்சியாளராகச் சேர்ந்தார்.

அக்கடையில் எல்லா நோய்க்கும் ஏற்றதெனப் புகழப்பட்ட ஒரு கூட்டு மருந்து விற்கப்பட்டது. கடையில் மிஞ்சியவையும் கெட்டுப்போனவையும் அதில் சேர்க்கப்படுவதை அந்த இளைஞர் கண்டார். எது எதனால் குணமாகிறது என்று எவருக்கும் தெரியாமலேயே மருந்து கொடுக்கப்படுவது அவர் மனத்தில் ஐயத்தை விதைத்தது. மருந்து உடலுக்குள் எங்கே சென்று, எதை மாற்றுகிறது என்ற கேள்வியே பிற்காலத்தில் அவருடைய வாழ்நாள் ஆய்வின் அடித்தளமாயிற்று.

அக்காலத்தில் அவருடைய விருப்பம் நாடகத்தின்மீது இருந்தது. அவர் எழுதிய சிறு நகைச்சுவை நாடகம் ஒன்று லியோனில் மேடையேறியது. அடுத்து ஒரு வரலாற்று நாடகத்தை எழுதி, 1834-இல் அதனுடன் பாரிஸ் சென்றார். அங்கே சாந்த்-மார்க் ழிரார்தென் என்னும் பேராசிரியர் அதைப் படித்துப் பார்த்து, பிழைப்புக்கு ஒரு தொழில் தேவை என்றும், மருந்துக்கடை அனுபவம் உள்ளவர் மருத்துவம் படிப்பதே தக்கது என்றும் அறிவுறுத்தினார். பெர்னார்ட் அதை ஏற்று மருத்துவம் பயின்றார்.

தேர்வுகளில் அவருக்குப் பெரும் வெற்றி கிட்டவில்லை. 1839-இல் மருத்துவமனைப் பயிற்சி மருத்துவர் தேர்வில் தேர்ச்சி பெற்ற 29 பேரில் அவர் 26-ஆம் இடத்தையே பெற்றார். ஆயினும் பிரான்சுவா மஜாந்தி என்னும் புகழ்பெற்ற உடலியல் பேராசிரியர் அவருடைய கைத்திறனைக் கண்டு, 1841-இல் தம் ஆய்வுக்கூட உதவியாளராகச் சேர்த்துக்கொண்டார். 1843-இல் பெர்னார்ட் மருத்துவப் பட்டம் பெற்றார்.

அம்பு நஞ்சு

தென் அமெரிக்கக் காடுகளில் வாழும் பழங்குடி மக்கள், சில கொடிகளின் பட்டையிலிருந்து காய்ச்சி எடுக்கும் குராரே என்னும் கரிய பிசினை அம்பு முனையில் தடவி வேட்டையாடினர். அம்பு பட்ட விலங்கு சிறிது நேரத்தில் துவண்டு விழுந்து, அமைதியாக இறந்தது. இதைக் கண்ட ஐரோப்பியப் பயணிகள், அது வலியற்ற இனிய மரணம் என்று எழுதினர்.

குராரே செலுத்தப்பட்ட விலங்கின் நுரையீரலுக்குத் துருத்தியால் காற்று செலுத்திக்கொண்டே இருந்தால், நஞ்சின் வேகம் தணிந்த பின் அது பிழைத்துக்கொள்ளும் என்பது 1814-இல் லண்டனில் ஒரு கழுதையின்மீது நடத்தப்பட்ட சோதனையில் தெரிந்திருந்தது. மூச்சு நின்றதே மரணத்துக்குக் காரணம் என்பது இதனால் விளங்கியது. மூச்சு ஏன் நின்றது என்பது விளங்கவில்லை.

1844-இல் பெர்னார்டின் நண்பரான வேதியியல் அறிஞர் பெலூஸ் அவருக்குச் சிறிதளவு குராரேயைக் கொடுத்தார். பெர்னார்ட் அதைத் தவளையின் தோலுக்கடியில் செலுத்தினார். சில நிமிடங்களில் தவளை அசைவற்றது. உடனே அறுத்துப் பார்த்தபோது அதன் இதயம் துடித்துக்கொண்டிருந்தது. நரம்பில் மின்சாரம் செலுத்தியபோது தசை அசையவில்லை. தசையிலேயே நேரடியாக மின்சாரம் செலுத்தியபோது அது சுருங்கியது. ஆகவே தசை உயிருடன் இருந்தது. அதற்கு நரம்பு இட்ட கட்டளைதான் போய்ச் சேரவில்லை.

நிலைமையை மாற்றிய சோதனை

அடுத்து அவர் செய்த சோதனை மருத்துவ வரலாற்றில் நிலைபெற்றது. தவளையின் பின்னங்கால்களுக்கு இரத்தம் செல்லாதபடி இடுப்புப் பகுதியை நூலால் இறுக்கிக் கட்டினார். கால்களுக்குச் செல்லும் நரம்புகளை மட்டும் கட்டுக்குள் சிக்காமல் விட்டார். பின்னர் முதுகில் குராரேயைச் செலுத்தினார். நஞ்சு இரத்தத்தின் வழியே முன்னுடல் முழுவதும் பரவியது. பின்னங்கால்களை அடையவில்லை.

முன்னுடல் முற்றிலும் துவண்டது. அந்த அசைவற்ற முன்னுடலின் தோலை அவர் கிள்ளியபோது, நஞ்சு எட்டாத பின்னங்கால்கள் உதறின. முன்னுடலில் உண்டான உணர்வு தண்டுவடத்தை அடைந்திருக்கிறது. அங்கிருந்து கட்டளையும் புறப்பட்டிருக்கிறது. நஞ்சு எட்டிய பகுதியில் அக்கட்டளையை நிறைவேற்றத்தான் வழியில்லை.

இதன் பொருள் அச்சமூட்டுவதாக இருந்தது. குராரே உணர்வைத் தொடவில்லை. அசைவை மட்டுமே நிறுத்தியது. அமைதியான மரணம் என்று பயணிகள் எழுதியது உண்மையன்று. அந்த விலங்கு யாவற்றையும் உணர்ந்தபடி, அதை வெளிக்காட்ட ஒரு விரலைக்கூட அசைக்க இயலாமல் மூச்சடங்கியது. 1850-களில் அறிஞர்களுக்கு அறிவித்த இம்முடிவுகளை, 1864-இல் பொதுமக்கள் படிக்கும் இதழ் ஒன்றிலும் அவர் விரிவாக எழுதினார்.

நஞ்சு இயக்க நரம்பையே செயலிழக்கச் செய்கிறது என்று பெர்னார்ட் கருதினார். நரம்பும் தசையும் சந்திக்கும் இடத்திலேயே அது தடை செய்கிறது என்பதைப் பின்னர் வூல்பியான் என்னும் அறிஞர் சுட்டிக்காட்டினார். அச்சந்திப்பில் கட்டளையைக் கடத்தும் வேதிப்பொருள் அசிட்டைல்கோலின் என்பதை 1936-இல் ஹென்றி டேலும் அவருடன் பணியாற்றியோரும் நிறுவினர். இன்றைய தசைத் தளர்வு மருந்துகள் பலவும் அசிட்டைல்கோலின் அமர வேண்டிய இடத்தில் தாம் அமர்ந்துகொண்டு அதைத் தடுக்கின்றன.

புகழும் தனிமையும்

உணவுக் கொழுப்பைச் செரிப்பதில் கணையநீரின் பங்கு, கல்லீரல் சர்க்கரையைக் கிளைக்கோஜனாகச் சேமிப்பது, இரத்த நாளங்களைச் சுருக்கி விரிக்கும் நரம்புகள், கார்பன் மோனாக்சைடு இரத்தச் சிவப்பணுக்களில் ஆக்சிஜனின் இடத்தைப் பறிப்பது ஆகியவற்றையும் பெர்னார்ட் ஆராய்ந்து விளக்கினார். மஜாந்தி 1855-இல் மறைந்தபின் அவருடைய பேராசிரியர் பதவி பெர்னார்டுக்குக் கிடைத்தது. ஈரம் நிறைந்த சிறிய ஆய்வுக்கூடத்தில் நெடுங்காலம் உழைத்ததால் அவர் உடல்நலம் குன்றியது. சொந்த ஊரில் ஓய்வெடுத்த நாள்களில், ஆய்வு முறையைப் பற்றிய தம் புகழ்பெற்ற நூலை எழுதி 1865-இல் வெளியிட்டார்.

குடும்ப வாழ்வு அவருக்கு ஆறுதல் தரவில்லை. 1845-இல் ஒரு மருத்துவரின் மகளை மணந்தார். மனைவி கொண்டுவந்த சீதனமே அவருடைய ஆய்வுக்கு ஆதாரமாயிற்று. உயிருள்ள விலங்குகளை அறுத்து ஆராய்வதை அவருடைய மனைவி கடுமையாக எதிர்த்தார். இரண்டு மகன்களும் குழந்தைப் பருவத்திலேயே இறந்தனர். 1870-இல் கணவனும் மனைவியும் சட்டப்படி பிரிந்தனர். இரு மகள்களும் தாயின் பக்கமே நின்றனர்.

அவருடைய சோதனைகளில் பல, விலங்குகளுக்கு மிகுந்த துன்பம் தந்தவை என்பதை மறைக்க வேண்டியதில்லை. குராரே கொடுக்கப்பட்ட விலங்கு அசையாது, ஆனால் உணரும். இதைக் கண்டறிந்தவரே அம்மருந்தைச் சோதனை விலங்குகளுக்குப் பயன்படுத்தினார் என்பது அவர்மீது எழுந்த குற்றச்சாட்டுகளுள் ஒன்று. இன்று விலங்கு ஆய்வுகளுக்கு நெறிமுறைக் குழுவின் ஒப்புதலும், வலி நீக்கும் முறைகளும் கட்டாயமாக உள்ளன.

பெர்னார்ட் மயக்க மருந்துகளையும் ஆராய்ந்தார். முதலில் மார்ஃபின் கொடுத்துப் பின்னர் குளோரோஃபார்ம் கொடுத்தால், குறைந்த அளவு குளோரோஃபார்மே போதுமானது என்பதை விலங்குகளில் கண்டார். ஒரே மருந்தை மிகுதியாகக் கொடுப்பதற்கு மாறாக, வெவ்வேறு பணிக்கு வெவ்வேறு மருந்தை அளவாகக் கொடுக்கும் இன்றைய முறைக்கு இது ஒரு முன்னோடி.

1878 பிப்ரவரி 10 அன்று பாரிஸில் அவர் காலமானார். பிரெஞ்சு அரசு தன் செலவில் இறுதிச் சடங்கு நடத்தியது. அந்நாட்டில் அதுவரை எந்த அறிவியலாளருக்கும் அச்சிறப்பு அளிக்கப்பட்டதில்லை.

அறுவை அரங்கிற்கு வந்த குராரே

பெர்னார்ட் மறைந்து 64 ஆண்டுகள் கழிந்து, 1942 ஜனவரி 23 அன்று கனடாவின் மான்ட்ரியல் நகரில் ஹரால்ட் கிரிஃபித் என்னும் மயக்கவியல் மருத்துவர், தம் உதவி மருத்துவர் எனிட் ஜான்சனுடன் சேர்ந்து, குடல்வால் அறுவைக்கு வந்த ஓர் இளைஞருக்கு மயக்கத்துடன் குராரேயையும் அளவாகச் செலுத்தினார். வயிற்றுத் தசைகள் நன்கு தளர்ந்தன. அதுவரை தசை தளர வேண்டுமானால் ஈதர் போன்ற மயக்க மருந்தையே ஆபத்தான அளவுக்கு ஏற்ற வேண்டியிருந்தது. அத்தேவை இதனால் நீங்கியது.

குராரே உறக்கத்தையும் தரும் என்று சிலர் அப்போதும் எண்ணினர். 1947-இல் வெளியான ஓர் ஆய்வுக்காக அமெரிக்க மருத்துவர் ஸ்காட் ஸ்மித், மயக்க மருந்து ஏதுமின்றித் தம் உடலில் அம்மருந்தை முழு அளவில் செலுத்தச் செய்தார். செயற்கை சுவாசத்தால் உயிர் காக்கப்பட்ட அந்நேரம் முழுவதும் அவர் தெளிவாக விழித்திருந்தார், வலியையும் உணர்ந்தார். பெர்னார்டின் தவளை உணர்த்திய உண்மை மனித உடலிலும் உறுதிப்பட்டது.

நுண்துளை அறுவையில் தசைத் தளர்வு ஏன் தேவை?

நுண்துளை முறையில் பித்தப்பை அகற்றும் சிகிச்சையை 1985-இல் ஜெர்மனியில் எரிக் மூஹே முதலில் செய்தார். பெர்னார்ட் மருந்து இடித்த அதே லியோன் நகரில், 1987-இல் பிலிப் மூரே இம்முறையை மேம்படுத்தினார். இந்தியாவில் 1990-இல் மும்பை ஜே.ஜே. மருத்துவமனையில் டாக்டர் தெஹெம்டன் உத்வாடியா இதைத் தொடங்கிவைத்தார்.

இச்சிகிச்சையில் வயிற்றைப் பெரிதாகத் திறப்பதில்லை. சிறு துளை வழியே கரியமில வாயுவைச் செலுத்தி, வயிற்றின் முன்சுவரை உயர்த்தி, உள்ளே இடம் உண்டாக்குகின்றனர். பெரியவர்களுக்கு வாயு அழுத்தம் பொதுவாக 12 முதல் 15 மில்லிமீட்டர் பாதரச அளவில் வைக்கப்படுகிறது. வயிற்றுத் தசைகள் இறுகியிருந்தால் இடம் குறையும். கருவிகள் உள்ளே இருக்கும்போது நோயாளி இருமினாலோ உதரவிதானம் அசைந்தாலோ குடலும் இரத்த நாளங்களும் காயமுறக்கூடும். எனவே தசைத் தளர்வு தேவைப்படுகிறது.

தளர்வு எவ்வாறு அளக்கப்படுகிறது?

செம்பரம்பாக்கம் ஏரியின் முழு உயரம் 24 அடி. மதகைத் திறப்பதா வேண்டாமா என்பதைக் கரையில் நின்று கண்ணால் மதிப்பிட்டு முடிவு செய்வதில்லை. அளவுகோலைப் பார்த்தே முடிவு செய்கின்றனர். தசைத் தளர்வும் அவ்வாறே அளந்து அறிய வேண்டியதாகும். ஒரே அளவு மருந்து வயது, உடல் எடை, சிறுநீரகம் மற்றும் கல்லீரலின் நிலை ஆகியவற்றுக்கேற்ப ஒருவருக்கு விரைவிலும் மற்றொருவருக்கு நெடுநேரம் கழித்தும் தணியும்.

இதற்கு, மணிக்கட்டில் உள்ள நரம்பின்மீது ஒட்டப்பட்ட மின்முனைகள் வழியே அரை வினாடிக்கு ஒன்றாக நான்கு மெல்லிய மின்தூண்டல்கள் கொடுக்கப்படுகின்றன. கட்டைவிரல் எத்தனை முறை, எவ்வளவு வலுவாக அசைகிறது என்பதைக் கருவி அளக்கிறது.

• முழுத் தளர்வு: நான்கு தூண்டல்களுக்கும் அசைவில்லை. 5 வினாடி தொடர்ச்சியான வலுத்த தூண்டல் கொடுத்த பின்னரும் அசைவில்லை.
• ஆழ்ந்த தளர்வு: நான்கு தூண்டல்களுக்கும் அசைவில்லை. வலுத்த தூண்டலுக்குப் பின் கொடுக்கப்படும் தனித்தூண்டல்களுக்குச் சில அசைவுகள் தோன்றும்.
• மிதமான தளர்வு: நான்கில் ஒன்று முதல் மூன்று அசைவுகள் தோன்றும்.
• இலேசான தளர்வு: நான்கு அசைவுகளும் தோன்றும், நான்காவது அசைவு முதலாவதைவிட வலுக்குறைந்திருக்கும்.
• மீட்சி: நான்காவது அசைவின் வலு, முதலாவதில் பத்தில் ஒன்பது பங்குக்கு (0.9) குறையாமல் இருக்கும்.

கட்டைவிரல் தசையைவிட உதரவிதானம் இம்மருந்துக்கு எளிதில் அடங்காது. ஆகவே கட்டைவிரல் அசையாத நிலையிலும் நோயாளி இருமக்கூடும். இக்காரணத்தால் சில அறுவைகளில் ஆழ்ந்த தளர்வு கடைப்பிடிக்கப்படுகிறது. ஆழ்ந்த தளர்வில் அறுவை மருத்துவருக்குப் பார்வைக்களம் சற்றுத் தெளிவாகக் கிடைப்பதாக ஆய்வுகள் காட்டுகின்றன. எல்லா நோயாளிக்கும் அது தேவை என்று முடிவாகவில்லை. பல அறுவைகளுக்கு மிதமான தளர்வே போதுமானது. எந்த அளவு ஏற்றது என்பதை மயக்கவியல் மருத்துவரும் அறுவை மருத்துவரும் கலந்து முடிவு செய்வர்.

இரண்டு ஆபத்துகள்

முதலாவது, தசை தளர்ந்திருக்க, உறக்கம் கலைந்துவிடுவது. பெர்னார்டின் தவளை எச்சரித்தது இதைத்தான். பிரிட்டனிலும் அயர்லாந்திலும் நடத்தப்பட்டு 2014-இல் வெளியான பேராய்வின்படி, முழு மயக்கத்தின்போது விழித்திருந்ததாகத் தெரிவித்தோர் ஏறத்தாழ 19,000 மயக்கங்களுக்கு ஒருவர். தசைத் தளர்வு மருந்து கொடுக்கப்பட்டவர்களில் அது ஏறத்தாழ 8,000-க்கு ஒன்று. கொடுக்கப்படாதவர்களில் 1,36,000-க்கு ஒன்று. இது மிக அரிது. ஆயினும் இதனால்தான் மயக்கவியல் மருத்துவர் அறுவை முடியும்வரை அருகிலேயே இருந்து, மயக்க மருந்தின் அளவையும் நாடித்துடிப்பையும் இரத்த அழுத்தத்தையும் இடைவிடாது கவனிக்கிறார்.

இரண்டாவது, அறுவை முடிந்த பின்னரும் தளர்வு சிறிது எஞ்சியிருப்பது. அப்போது தொண்டைத் தசைகள் வலுவிழந்து, மூச்சுத் திணறலும் நுரையீரல் பாதிப்பும் நேரலாம். எனவே மூச்சுக்குழாயை அகற்றுமுன் மேற்சொன்ன 0.9 என்ற மீட்சி நிலை எட்டப்பட வேண்டும். தளர்வை நீக்க நியோஸ்டிக்மின், சுகாமடெக்ஸ் ஆகிய மருந்துகள் பயன்படுகின்றன. நியோஸ்டிக்மின் மீட்சி ஓரளவு தொடங்கிய பின்னரே பயன் தரும். சுகாமடெக்ஸ், ரோக்குரோனியம், வெக்குரோனியம் என்னும் தளர்வு மருந்துகளைத் தன்னுள் பிணைத்துக்கொள்வதால், ஆழ்ந்த தளர்வையும் விரைவில் நீக்கவல்லது.

அறுவைக்கு முன் மருத்துவரிடம் தெரிவிக்க வேண்டியவை

• முன்பு மயக்க மருந்து பெற்றபோது உங்களுக்கோ இரத்த உறவினருக்கோ தசை நெடுநேரம் தளர்ந்தே இருந்ததா, கடும் காய்ச்சல் உண்டானதா, அறுவையின்போது விழித்திருந்த நினைவு உண்டா என்பது.
• தசைக்களைப்பு நோய், பிற தசை அல்லது நரம்பு நோய்கள், சிறுநீரகம் அல்லது கல்லீரல் நோய், ஆஸ்துமா, குறட்டையுடன் மூச்சு நின்று தொடரும் நிலை.
• உட்கொள்ளும் எல்லா மருந்துகளும். சித்த, ஆயுர்வேத மருந்துகளும் இதில் அடங்கும்.
• ஏதேனும் மருந்துக்கு ஒவ்வாமை.
• கருத்தடை மாத்திரை உட்கொள்வோர் அதனையும் தெரிவிக்க வேண்டும். சுகாமடெக்ஸ் கொடுக்கப்பட்டால், அடுத்த 7 நாள்களுக்கு ஹார்மோன் சாராத கூடுதல் கருத்தடை முறையையும் பின்பற்ற வேண்டும்.

அறுவைக்குப் பின் தோள்பட்டையில் ஓரிரு நாள் வலி இருக்கலாம். வயிற்றில் செலுத்தப்பட்ட வாயுவே பெரும்பாலும் இதற்குக் காரணம். விழித்தெழுந்தபின் தலையைத் தூக்க இயலாமை, விழுங்குவதில் சிரமம், மூச்சுத் திணறல் ஆகியவை இருந்தால் உடனே செவிலியரிடம் சைகையாலேனும் தெரிவியுங்கள். வீடு திரும்பிய பின் மூச்சுத் திணறல், நெஞ்சுவலி, கடும் வயிற்றுவலி, காய்ச்சல் ஏற்பட்டால் தாமதியாமல் மருத்துவமனையை அணுகுங்கள். அவசர ஊர்திக்கு 108 எண்ணை அழைக்கலாம். அறுவையின்போது நடந்தவை நினைவில் இருப்பதாகத் தோன்றினால், அதை வெறும் கனவென்று ஒதுக்காமல் மயக்கவியல் மருத்துவரிடம் கூறுங்கள்.

தேர்வில் பின்தங்கிய ஒரு மருந்துக்கடைப் பையன், அசையாத உடல் உணராத உடல் ஆகாது என்பதை நிறுவினார். அறுவை மேசையில் தம் நிலையைத் தாமே சொல்ல இயலாத ஒவ்வொரு நோயாளிக்காகவும், தளர்வையும் உறக்கத்தையும் வலி நீக்கத்தையும் தனித்தனியே கவனிக்கும் இன்றைய நடைமுறை அந்த உண்மையின்மீதே எழுந்துள்ளது. உங்கள் மயக்கவியல் மருத்துவரை அறுவைக்கு முன் சந்திக்கும்போது, இம்மூன்றையும் பற்றித் தயங்காமல் கேட்டுத் தெளிவு பெறுங்கள்.